நான் போட்ட வழியில் அவர்கள் போனார்கள்

அந்த மர பெஞ்சை எனக்குத் தெரியும். அதில் நான் உட்கார்ந்ததில்லை. அது இருக்கும் நாட்டுக்கே போனதில்லை. ஆனாலும் கைபேசியில் படம் வந்து விழுந்ததும், கீழே ஊர்ப்பெயர் எதுவும் இல்லாமலே, இது நியூசிலாந்தில் டெகாபோ ஏரிக்கரையில் இருக்கும் பெஞ்சு, பயணத்தின் மூன்றாம் நாள், காலை பதினொரு மணி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதைத் திட்டத்தில் எழுதியவள் நான். ‘இங்கே இருபது நிமிடம் நிற்கலாம். கழிப்பறை உண்டு. சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். காற்று பலமாக அடிக்கும், தலைக்குத் துண்டு எடுத்துக்கொள்ளவும்.’

படத்தில் இரண்டு பேரும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். பெஞ்சில் மூன்றாவது ஆள் உட்கார இடம் இருந்தது. அதில் ஒரு பையை வைத்திருந்தார்கள்.

அங்கே மாலையாகி, முகாமுக்குப் போய் இணையம் கிடைத்ததும் அனுப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்போது காலை ஒன்பதரை. நான் ஈரக் கையோடு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏரித் தண்ணீர் நான் படித்தது போலவே பால் கலந்த நீலமாக இருந்தது. ‘சூப்பர்’ என்று பதில் அனுப்பினேன். ஒரு சொல் போதுமா, கோபமாக இருக்கிறேன் என்று நினைப்பார்களோ என்று யோசித்து, சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். அந்தப் பதினாறு நாளும் இப்படித்தான் பதில் போட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். எங்களில் இரண்டு பேருக்கு ஒரே பெயர். அதனால் முதல் வாரமே பெயரை விட்டுவிட்டு ஊரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தோம். ஒருத்தி சென்னிமலை. அவள் அப்பா போர்வை வியாபாரி. எங்கள் மூன்று கட்டிலிலும் அவள் வீட்டுப் போர்வைதான். இன்னொருத்தி வால்பாறை. எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவின் மகள். கொண்டை ஊசி வளைவுகள் நாற்பதிலும் பேருந்தில் நின்றுகொண்டே கடலை தின்றபடி இறங்கி வருவாள். வெள்ளகோவில் நான்.

மூன்றாம் வருடம் கல்லூரிச் சுற்றுலா கோவாவுக்கு என்று முடிவானது. என் அப்பா அனுப்பவில்லை. அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம் கண்ணு” என்றார். பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதைப் பண்பு என்று ஊரெல்லாம் புகழ்வார்கள். அதற்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும், மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று சொல்லாத கதவின் முன்னால் எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று.

நான் போகவில்லை என்றதும் அவர்கள் இரண்டு பேரும் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

“நீ இல்லாம அங்க போயி என்னடி பண்றது. உன்ற மூஞ்சிய நெனச்சுட்டே கடலப் பாக்கோணுமா?” என்றாள் சென்னிமலை.

வகுப்பே கோவாவில் இருந்த அந்த ஐந்து நாள், காலியான விடுதியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். மெஸ் அக்கா எங்களுக்காக அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார். ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வால்பாறை சொன்னாள்: “வேலைக்குப் போனதும் மூணு பேரும் ரொம்ப தூரமா ஒரு ஊருக்குப் போறோம். கோவா எல்லாம் இல்ல. ப்ளைட்ல ஏறுனா தூங்கி எந்திருச்சாலும் எறங்கக் கூடாது, அத்தன தூரம்.”

பிறகு வேலை, என் கல்யாணம், என் மகள். மகள் பிறந்ததும் சரவணம்பட்டியில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை விட்டேன். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சென்னிமலை கல்யாணம் வேண்டாம் என்று பெங்களூரில் இருக்கிறாள். வால்பாறையின் கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி அவள் கோயமுத்தூரில் தனியாள். போன வருடம் தை மாதம் சென்னிமலை கூப்பிட்டாள். “இந்த வருசம் போகலீன்னா இனி எங்கியும் போகமாட்டோம்டி. நியூசிலாந்து. கார்த்திகைல போறோம். நீ ப்ளான் போடு.”

நான் போட்டேன். அப்படிச் சொன்னால் போதாது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவள் திரும்பி வரும் வரை கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன். கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச். அந்த இரண்டாவது விமானம் பத்து மணி நேரம். மூன்று இருக்கையில் நடு இருக்கை எனக்கு. அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்காரப் பிடிக்காது என்பதால் நானே எடுத்துக்கொண்டேன். இறங்கியதும் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வேன் வாடகைக்கு. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எங்கே தண்ணீர் பிடிக்கலாம், ஒற்றை வழிப் பாலத்தில் எந்தப் பக்கத்து வண்டி முதலில் போகலாம், மழை வந்தால் என்ன, பாதை மூடினால் என்ன. நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. செருப்பில் மண் ஒட்டியிருந்தால்கூட அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று படித்துவிட்டு, ‘காலணிகளைப் பழைய பல் துலக்கியால் தேய்க்கவும்’ என்று தனியாக ஒரு வரி எழுதினேன்.

வால்பாறை அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். “ஏன்டி, நெலநடுக்கம் வந்தா என்ன பண்றதுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கறயே.”

“அங்க வரும். அடிக்கடி வருமாம்.”

“வந்தா ஓடுவோம். அதுக்கு ஒரு பக்கமா?”

“ஓடக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கறேன். படி.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான்கு வருடத்துக்குப் பிறகு என் கையில் ஒரு வேலை இருந்தது, அதை நான் நன்றாகச் செய்தேன். இன்றும் அந்த நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு பிழை யாராலும் காட்ட முடியாது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வீட்டில் கேட்க வேண்டும்.

கணவரிடம் கேட்டபோது அவர் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “போய்ட்டு வா அம்மணி. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன். அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்க.”

மாமியாரிடம் கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எனக்கென்ன கண்ணு. போயிட்டு வா. புள்ளைய நான் பாத்துக்க மாட்டனா? எதுக்கும் நம்ம கோயல்ல ஒருக்கா பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணிக்கலாம். கடல் தாண்டிப் போற சோலி பாரு.”

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டணம் கட்டி, சாமி முன்னால் உருட்டிவிட்டு, சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். மாமியார் வீட்டில் பூக் கேட்காமல் ஆழ்துளைக் கிணறு போட்டதில்லை, பெண் எடுத்ததில்லை. எனக்கும் கேட்டார்கள். வெள்ளை வந்ததாம். என்னைக் கேட்டார்களா என்று எனக்கு நினைவில்லை.

ஆடி முடிந்து ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கணவர் வீட்டுக் குலதெய்வம் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மன். அன்று ஒரு குடும்பம் பொங்கல் வைத்துக் கிடா வெட்டிக்கொண்டிருந்தது. பூசாரிக்குக் கை ஒழியவில்லை. “அம்மணி, பூவும் எலையும் அந்தத் தட்டத்துல இருக்குதுங்க. நீங்களே கட்டீட்டு வந்துருங்க, நான் வந்து உருட்டியுடறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமியாருக்கு முழங்கால் வலி. தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கணவர் வண்டியை நிழலில் நிறுத்தப் போயிருந்தார்.

தட்டத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். இலையைக் கழுவினேன். ஒரு துண்டில் வெள்ளையை வைத்து மடித்து வாழை நாரால் கட்டினேன். இரண்டாவது துண்டைக் கையில் எடுத்தபோது, நாற்பத்திரண்டு பக்கமும் அந்த ஒரு சிவப்புப் பூவின் மேல் நிற்கிறது என்று தோன்றியது. கோவாவுக்குப் பெயர் கொடுக்க முடியாமல் விடுதி வராந்தாவில் நின்றதும் ஞாபகம் வந்தது. அன்று எனக்காக நின்றவர்களிடம் போய், பூ சிவப்பாக வந்தது, அதனால் வரவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை செய்தது. இரண்டாவதிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். சிவப்பைக் குழாய்த் தண்ணீர் போகும் வாய்க்காலில் போட்டேன். அது போகாமல் கல்லில் தட்டி நின்றது. குனிய நேரமில்லை. கால் பெருவிரலால் தள்ளிவிட்டேன்.

சாமிக்கு வைக்க வேண்டிய பூவைக் காலால் தள்ளியது பிறகு எனக்குத் தூக்கம் கெடுக்கும் அளவுக்குப் பெரிதாயிற்று. அப்போது தெரியவில்லை.

பூசாரி வந்து உருட்டினார். என் மகளைக் கூப்பிட்டு, “சாமி, ஒண்ண எடுத்துக் குடு” என்றார். அவள் இரண்டையும் எடுக்கப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். “ஒண்ணே ஒண்ணு சாமி.” அவள் வலது கையால் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை.

“அப்பறம் என்னுங்க, அம்மா உத்தரவு குடுத்தாச்சு” என்றார் பூசாரி. கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திருநீறு பூசிக்கொண்டேன். எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கமாட்டார்கள், அம்மன் காலடியிலேயே வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் செய்திருக்கிறேன். ஆனால் மாமியார் எழுந்து வந்து, “ஏனுங்க பூசாரி, அதையும் குடுங்க. ஊட்டுக்குக் கொண்டு போயி வெச்சுக்கறேன்” என்று வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பல்லடம் வழியாகத் திரும்பி வந்த அந்த ஒன்றரை மணி நேரம் நான் அந்தப் பையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருமுறை, “பையை நான் வெச்சுக்கறனுங்கத்தை, உங்களுக்கு மடில பாரமா இருக்குமில்லீங்க” என்று கேட்டேன். “இருக்கட்டும் கண்ணு” என்றார். மறுநாள் காலை பூஜை அறையில் பார்த்தேன், பொட்டணம் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. வாடியதும் பிரிக்காமல் செடிக்குப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

விசா வந்தது. வால்பாறையும் நானும் ஒப்பணக்கார வீதியில் அலைந்து குளிர்ச்சட்டை வாங்கினோம். கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் அரைத்தேன். அங்கே விமான நிலையத்தில் உணவுப்பொருள் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருவருக்கும் மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு நாளும் மகளைப் பார்க்கும்போது, பதினாறு நாள் இவள் என்ன செய்வாள் என்று யோசிப்பேன். அதற்கும் ஒரு பக்கம் எழுதி மாமியாரிடம் கொடுத்தேன். எந்தச் சட்டை எந்தக் கிழமைக்கு, பால் எத்தனை சூட்டில். “நான் ரெண்டு புள்ள வளத்தியிருக்கறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

விமானம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது உள்ளங்கையில் கொப்புளம். வலது கையில் நான்கு, இடது கையில் ஒன்று. பிறகு பாதத்தில், வாய்க்குள். டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற கை கால் வாய்ப் புண், வைரஸ், தானாகப் போய்விடும் என்று. “அவ கிளாஸ்ல நாலு பேருக்காவது வந்திருக்கும் பாருங்க” என்றார். விசாரித்தேன். நான்கு பேருக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை வெளிநாடு போக வேண்டும் என்றேன். “தாராளமாப் போங்க. அதுக்குள்ள எந்திருச்சு ஆடும்” என்றார்.

வீட்டுக்கு வந்தால் வாசல் நிலையில் வேப்பிலை சொருகியிருந்தது.

“டாக்டர் சொல்றத டாக்டர் சொல்லட்டும்,” என்றார் மாமியார். “முத்து முத்தா போட்டா அம்மைதான். தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் ஊட்ல தாளிக்க வேண்டாம்.”

அம்மை என்றால் எங்களுக்கு நோயில்லை. அம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று பொருள். நான் படித்தவள். வைரஸ் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம், பொட்டணத்தை எடுத்த கையில் நான்கு கொப்புளம். மற்ற நான்கு குழந்தைகளும் எந்தக் கோயிலிலும் பூ எடுக்கவில்லை என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. எட்டியிருந்தாலும் தள்ளியிருப்பேன்.

புதன்கிழமை முழுக்க அவள் எதையும் விழுங்கவில்லை. வாயைத் திறந்து காட்டி, “வலிக்குதும்மா” என்றாள். நான் அவளுக்கு விசிறிக்கொண்டே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று கேட்டால், வாய்க்காலில் தட்டி நின்ற பூவிடம்தான்.

அன்று சாயங்காலம் மாமியாரிடம் போனேன். “ஏனுங்கத்தை, அம்மை போட்டிருக்கற ஊட்ல இருந்து பயணம் போலாமுங்களா?”

“போகக் கூடாதுன்னு சொல்லுவாங்க.” என் முகத்தைப் பார்த்தார். “ஆனா உனக்குத்தான் உத்தரவு குடுத்தாச்சே கண்ணு. அப்பறம் உன்ற இஷ்டம்.”

அந்தப் பார்வை எனக்குக் கத்தியாகப் பட்டது. என் குற்றம் எனக்குள் கூவிக்கொண்டிருந்தபோது எதைக் கேட்டாலும் அப்படித்தான் பட்டிருக்கும். கணவரைக் கேட்டேன். “டாக்டர் போலாம்னாருல்ல? நீயே முடிவு பண்ணு” என்றார். நீ போ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போயிருப்பேன். போகாதே என்று சொல்லியிருந்தால் அவரையாவது ஆயுள் முழுக்கத் திட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டையும் அவர் எனக்குத் தரவில்லை.

வியாழக்கிழமை காலை வால்பாறை வந்தாள். மறுநாள் விமானம் ஏற வேண்டியவளை உள்ளே விட முடியாது, ஒட்டிக்கொள்ளும் என்று கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினேன். திட்டத்தின் நகலையும் பொடி டப்பாக்களையும் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாரு.”

“ஊட்ல யாராச்சும் வேண்டாம்னாங்களா?”

“இல்ல.”

“அப்பறம்?”

அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு பொட்டணத்திலும் வெள்ளை வைத்தேன், அதனால் என் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று. சொல்லியிருந்தால் வால்பாறை சிரித்திருப்பாள், கேட்டை ஏறிக் குதித்து என் தலையில் ஒரு கொட்டு வைத்து, என் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். “மனசு வர்லடி” என்றேன்.

அவள் சென்னிமலையைக் கைபேசியில் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். சென்னிமலை பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள், ரயில் சத்தம் கேட்டது. வால்பாறை விஷயத்தைச் சொன்னாள்.

“நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்டி. டிக்கெட் போட்ட அன்னிக்கே தெரியும்.”

“புள்ளைக்கு…”

“புள்ள இல்லீன்னா வேறென்னமோ. உனக்கு வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். யாரும் சொல்லலைன்னா நீயே புடிச்சு வெச்சுக்குவே.”

வால்பாறை கைபேசியை அணைத்தாள். பொடி டப்பாக்களையும் திட்டத்தையும் வாங்கிப் பைக்குள் வைத்தாள். “அவ கோவத்துல பேசறா, மனசுல வெச்சுக்காத,” என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், “இந்தத் தடவை நாங்க நிக்கல” என்றாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

நிற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை வரும் வரை, எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மகள் எழுந்து இரண்டு இட்லி தின்றாள். கொப்புளங்கள் காய்ந்து கறுத்திருந்தன. எங்கள் வீடு சின்னியம்பாளையத்தில், விமான நிலையத்துக்கு அருகில். மேலே ஏறும் விமானமெல்லாம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் போகும். அன்று அவர்களுடையது ஏறியபோது அவள் கட்டிலில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நின்று, “அம்மா, நீ ப்ளேன்ல போகலையா?” என்று கேட்டாள்.

“போகலை.”

“ஏன்?”

“உனக்குக் காய்ச்சலில்ல?”

“எனக்குத்தான் சரியாப் போச்சே” என்றாள். அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

அந்தப் பதினாறு நாளும் நான் பயணத்தில்தான் இருந்தேன். இந்நேரம் மலைப்பாதையில் இருப்பார்கள், இந்நேரம் படகு கிளம்பியிருக்கும். படம் வராத நாளில் நிலநடுக்கம் ஏதும் வந்ததா என்று தேடிப் பார்த்தேன். ஆறாம் நாளுக்குப் பிறகு படங்கள் குறைந்தன. என் மனம் நோகக் கூடாது என்று அவர்கள் இருவர் மட்டும் தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. கரிசனத்தோடு செய்தது, குறை சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடி செய்வதில் நாங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

தை பிறந்த பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்கு ஒரு கிவிப் பறவை பொம்மை, மாமியாருக்குக் கம்பளிச் சால்வை, எனக்குக் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம். டெகாபோ ஏரி. சென்னிமலை என்னைக் கட்டிப்பிடித்தாள். கோபமெல்லாம் போயிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபம் இருந்தால் இன்னும் என்னை எதிர்பார்க்கிறாள் என்று பொருள்.

“உன்ற சீட்ல காலை நீட்டிப் படுத்துட்டோம்டி” என்றாள். “பத்து மணி நேரம். ராஜாத்தியாட்டம்.”

“பொடி?”

“பொடியத்தான் தின்னோம் பாதி நாள். நீ சொன்னாப்புல எழுதிக் குடுத்தோம், உட்டுட்டாங்க. இவ பனிமலையப் பாத்துட்டு கொள்ளுப்பொடி சோறு திங்கறா.”

பேச்சின் நடுவில் வால்பாறை ‘ஆட்டுக்குட்டி’ என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும் வரை. நான் என்ன என்று கேட்டேன். வால்பாறை சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. “அது சொன்னா புரியாதுடி” என்றாள். “இருந்திருக்கோணும்.”

கிளம்பும்போது சென்னிமலை வாசலில் நின்று சொன்னாள்: “அடுத்தது ஐஸ்லாந்துன்னு நெனச்சிருக்கறோம். உன்னாட்டம் ப்ளான் போட யாருக்கும் வராது. ஒரு மூணு மாசத்துல போட்டுக் குடுத்துர்றயா?”

வருகிறாயா என்று கேட்கவில்லை. நான் சரி என்றேன்.

அவர்கள் குடித்த காபித் தம்ளர்களை மாமியார் எடுத்தார். நான் வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. புதுச் சால்வை தோளில் கிடந்தது.

“ரெண்டுலயும் வெள்ளைதான கண்ணு வெச்சிருந்தே?” என்றார்.

எதைக் கேட்கிறார் என்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

“கோயல்ல இருந்து வந்த அன்னிக்கே பிரிச்சுப் பாத்தன். சரி, உனக்கு அத்தன ஆசை போலிருக்குதுன்னு செடிக்குப் போட்டுட்டன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்கத்தை.”

“நீ சொல்லுவேன்னு இருந்தன்.”

“புள்ளைக்குக் கொப்புளம் போட்டப்பவாச்சும்…”

“அப்பத்தான் உத்தரவு குடுத்தாச்சேன்னு சொன்னனே. அதுக்கு மேல எப்பிடி வாயத் தொறந்து சொல்றது? சாமிகிட்டயே அந்த வேல பண்ணினவ, போயிருவேன்னுதான் நெனச்சன்.” தம்ளரைத் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார். “அத்தன பண்ணீட்டு அப்பறம் எதுக்கு நின்னே?”

மகள் பொம்மையைத் தண்ணீர் வாளிக்குள் போடப் போகிறாள் என்று அவளைப் பிடிக்கப் போய்விட்டார்.

அதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டே மூன்று நாள், நான் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வேப்பிலை சொருகியதும் அவர்தான். போகச் சொல்லும் எண்ணம் இருந்திருந்தால் அந்த வேப்பிலை எதற்கு? அல்லது அம்மை என்று மெய்யாகவே நம்பி, அதையும் மீறி எனக்கு வழி விட்டாரா? கேட்டால், “எனக்கென்ன கண்ணு” என்பார். ஒன்று மட்டும் நிச்சயம். என்னை அவரும் தடுக்கவில்லை, அம்மனும் தடுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற வால்பாறைக்கு நான் சொன்ன ‘இல்ல’ பொய்யில்லை. வேண்டாம் என்று சொல்லும் ஆளைத் தேடி, கடைசியில் நான்கு வயதுக் குழந்தையின் உள்ளங்கையில் கண்டுபிடித்தவள் நான்.

மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கணினியைத் திறந்தேன். புதுத் தாளில் ஐஸ்லாந்து என்று தலைப்புப் போட்டேன். அதற்குக் கீழே, பயணிகள் எத்தனை பேர் என்ற கட்டம். மூன்று என்று போட்டேன். அழித்தேன். இரண்டு என்று போட்டுப் பார்த்தேன். அதையும் அழித்தேன். பிறகு அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, வழியில் கழிப்பறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன்.